இத்தாலிக்காரர் வெட்டினால் வெட்டினதுதான்

டைரக்டர் எட்டோரே பலாந்தி படத்திலை இருந்து வெட்டிப்போட்ட ஆக்கள் உலகத்திலை இருந்தும் இல்லாமல் போச்சினம். இத்தாலியிலை அவர் முதல் வெட்டினது சொந்த மனிசியை. படம் நீளம் எண்டு தயாரிப்பாளர் முணுமுணுக்க, அதிலை நடிச்ச மனிசியின்ரை காட்சியளை முழுக்கத் தூக்கியெறிஞ்சார். படத்துக்குப் பெரிய பரிசு கிடைச்சது. பரிசோடை வீட்டை போனால் அலுமாரியிலை சட்டையள் தொங்கினபடி, மனிசியைக் காணேல்லை. அதுக்குப் பிறகு அவரின்ரை கமராவுக்கு முன்னாலை நிக்க அங்கை ஒரு நாயும் வரேல்லை. படவிழாவுக்கெண்டு ரொறன்ரோ வந்தவர் திரும்பிப் போகேல்லை. அங்கை வோபர்ன் பக்கம் கலியாண வீடியோ எடுக்கிற வாகீசன்ரை பேஸ்மென்ரிலை குடியிருந்து, அவனுக்கே எடிட்டிங் செய்து குடுத்தார்.

எங்கடை சனத்தைப் பற்றிச் சொல்லவும் வேணுமே! சொந்தத்துக்குள்ளை கோவம் வந்தால் முதல் வேலை, கலியாண வீடியோவிலை இருந்து அந்த ஆளை எடுக்கச் சொல்லுறதுதான். தியாகலிங்கம் தன்ரை தம்பியை எடுப்பிச்சார். தம்பியின்ரை கார் பிளாசா வாசலிலை தனிய நிண்டு, கடைசியிலை கட்டியிழுத்துக்கொண்டு போனாங்கள். விசயம் தெரிஞ்சும் ஒருத்தரும் பயப்பிடேல்லை. வாகீசன்ரை போன் அடிச்சபடி.

நாகேஸ்வரிக்கு ஒரே மகன், பிரதாபன். கலியாணம் முடிஞ்சதும் மருமகள் பிரசாந்தினி அவனைத் தள்ளியிருக்கிற விட்பிக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டாள். மகன் திரும்பி வரவேணும், அவ்வளவுதான் தாய்க்கு. வாகீசனிட்டை வந்து, "உவளை வெட்டச் சொல்லு தம்பி," எண்டா.

டைரக்டர் வெட்டிக்கொண்டு வந்து தாலி கட்டிற இடத்திலை நிண்டிட்டார். வாகீசன் விளங்கப்படுத்தினான்: "அன்ரி, பிரதாபன்ரை ரெண்டு கையும் அவவின்ரை கழுத்திலை கிடக்கு. அவவை எடுத்தால் கையும் போயிடும். இந்தக் காட்சியை முழுசாய்த் தூக்குவமே?"

"ஐயோ, என்ரை பிள்ளையின்ரை முகம் இதிலைதான் வடிவாய் விழுந்திருக்கு. கை போனால் போகட்டும். சோறு நான் தீத்துவன்."

அடுத்த கிழமை பிரதாபன் தாயிட்டை வந்திட்டான். கார் ஓடக் கையில்லை, பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து விட்டவை. பெல் அடிக்க ஏலாமல் நெத்தியாலை கதவைத் தட்டினான். பிரசாந்தினி எங்கை எண்டு கேட்டான். "வாயைத் திற ராசா," எண்டு நாகேஸ்வரி குழைச்ச சோத்தை நீட்டினா. திறந்தான், பசிக்குமல்லே.

பரிசு வாங்கின படத்திலையும் இப்பிடியொரு காட்சி தனக்கு அமையேல்லை எண்டு பலாந்தி வாகீசனுக்குச் சொன்னாராம். நாகேஸ்வரி அதைப் பெரிய ரீவியிலை போட்டுக் காட்டுவா. மணவறையிலை தனிய இருந்து சிரிக்கிற மாப்பிள்ளை. பக்கத்துச் சோபாவிலை அதே மாப்பிள்ளை. வாற சனம், "ஓம், முகம் நல்ல வடிவாய் விழுந்திருக்கு," எண்டு சொல்லி, ரீயைக் குடிச்சிட்டுப் போகும்.