தேக்குமரத்தில் அகப்பட்ட மகா உஷ்ணம்

இரத்தினபுரிப் பகுதியின் அறுபது வருஷத்து வெயிலும் குளிரும் 1931ஆம் ஆண்டு பெல்மதுளைச் சந்தியில் வைத்து மனித அறிவுக்குப் பிடிபட்டன என்பதைச் சகலரும் அறிவார்களாக.

பிடித்தவர் பள்ளிக்கூடத்துப் புவாட் மாஸ்டர். பிடிபட்ட இடம், சாலி நானாவின் இறைச்சிக்கடை வாசலில் காற்றுக்கு விழுந்த தேக்குமரம். அமெரிக்காவில் ஒருவர் மரத்தின் வளையங்களைப் பார்த்தே பழைய காலநிலையைச் சொல்கிறாராம். தேயிலைத் தோட்டத்து டாக்டரின் சஞ்சிகையில் அதைப் படித்த நாள்முதல் மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை.

அறுத்த அடிமரத்தில் எண்ணெய் பூசி, பூதக்கண்ணாடியுடன் குப்புறப் படுத்தார். நடுவில் வளையங்கள் அகலம். அது வெப்ப காலம். பிறகு ஒரேயடியாக ஒடுங்கின. குளிர் வந்துவிட்டது. அந்த ஒடுக்கத்துக்குள் மூன்று வளையங்கள் மட்டும் கொழுத்துக் கிடந்தன. மாஸ்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. படுத்தபடியே அதற்கு 'மகா உஷ்ணம்' என்று பெயர் வைத்தார். கொழும்பு விஞ்ஞானச் சங்கத்துக்கு எழுதிப் போட்டார்; அதன் கனவான்கள் இருவர் பார்க்க வருவதாகப் பதிலும் வந்தது. அவர்கள் தலையசைத்தால் சங்கத்து ஏட்டில் மாஸ்டரின் பெயர் அச்சாகும். சாட்சிதான் பாக்கி.

"நானா, ஜெர்மன் யுத்தத்துக்கு முந்தி மூணு வருஷம் எப்படி இருந்திச்சு?"

"மறக்கேலுமா மாஸ்டர்? மாட்டுக்கு நோய் வந்து எல்லாம் செத்திச்சு. வாப்பா கடயப் பூட்டிட்டுத் தேங்கா வித்தாரு."

"வெக்கை தாங்காமத்தான் செத்திருக்கு."

"எனக்கு வேர்க்கல்லயே."

"நீங்க அப்ப சின்னப் புள்ள."

"கல்யாணம் முடிச்சு ரெண்டு புள்ள."

மாஸ்டர் அதைக் காதில் வாங்கவில்லை. "வாப்பா கட போட்டது எப்ப?"

நானா சொன்ன வருஷத்தை எண்ணிப் பார்த்தால், வளையம் ஒடுங்கத் தொடங்கிய அதே வருஷம்.

"பாத்தீங்களா? உங்கட வாப்பா வரக்குள்ளயே குளிரயும் கூட்டிட்டு வந்திருக்காரு."

சனிக்கிழமை கனவான்கள் காரில் வந்து இறங்கினார்கள். குனிந்தார்கள், தொட்டார்கள், வியந்தார்கள். ஒருவர் மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாஸ்டரின் குரல் சந்தி முழுக்கக் கேட்டது. சனம் கூடியது, கூடிய சனம் அப்படியே இறைச்சியும் கேட்டது.

சாலி நானா கடைக்குப் பின்னால் நின்ற இன்னொரு தேக்கில் கொக்கியை மாட்டி, இறைச்சி சுற்ற இலை இழுத்தார். உச்சியில் ஒரு குடுமி தவிர அந்த மரம் மொட்டையாக நின்றது.

"மகா..." என்ற மாஸ்டர் அண்ணாந்து அந்த மரத்தைப் பார்த்தார். பிறகு அடிமரத்தைப் பார்த்தார்.

"நானா, விழுந்த மரத்துலயும் எல பிச்சீங்களா?"

"வேறென்ன? வாப்பா காலத்துல இருந்து அதுலதானே. மாடு இல்லாத அந்த மூணு வருஷந்தான் ஒருத்தரும் கை வைக்கல்ல."

இலை போனால் மரம் எப்படிப் பருக்கும் என்று கனவான்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கு இரண்டு இறாத்தல் இறைச்சி வாங்கிக்கொண்டு கொழும்புக்குப் போனார்கள்.