பிரேக் வாத்தியாரின் சம்மதம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரைப் பார்க்க வந்தவர்களெல்லாம் 'பிரேக் வாத்தியார்' என்றே சொன்னார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எதற்கெடுத்தாலும் பிரேக்கை மிதித்தே பெயர் வாங்கியவர். இப்போது நிமோனியாவில் விழுந்து, வென்டிலேட்டர் கொடுத்த மூச்சை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு மயக்கத்தில் கிடந்தார்.

மயக்கவியல் டாக்டர் ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். மயக்கத்தில் இருப்பவரின் குடும்பத்தாரிடம் கேட்பாள்: 'மயக்க மருந்தைக் குறைத்துப் பார்க்கும் ஒரு பரிசோதனைக்கு இவர் சம்மதிப்பாரா?' நோயாளி கண் விழித்ததும் அவரிடமே அதைக் கேட்டு, இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள். வீட்டு மனிதர்களின் வாக்கை நம்பித்தான் இங்கே பாதி முடிவு எடுக்கிறார்கள்; அந்த வாக்கு எவ்வளவு தேறும் என்று யாராவது பார்க்க வேண்டாமா?

வாத்தியாரின் மனைவி கேள்வியை முடிக்கவே விடவில்லை.

"மாட்டாரு."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஃபேன் போடவான்னு கேட்டாலே வேண்டாம்பாரு. அப்புறம் வேர்க்க வேர்க்க அவரே எழுந்து போடுவாரு."

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மற்ற நோயாளிகளின் குடும்பத்தார் பெரும்பாலும் பதிலை மென்று விழுங்கினார்கள். இப்படி அடித்துச் சொன்னவர்கள் மொத்தமே நாலைந்து பேர்தான்.

வாத்தியார் தேறினார். தொண்டைக் குழாயை எடுத்து, குரல் திரும்பி, சாப்பாடு வேண்டாம் என்று நர்சோடு மல்லுக்கு நின்ற அன்று, டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கேள்வியைக் கேட்டாள்.

"அவ என்ன சொன்னா?" என்றார்.

"அதை நான் சொல்லக் கூடாதுங்க."

"நீ என்னம்மா சொல்றது, அவளே காலையில சொல்லிட்டா. நான் மாட்டேன்னு சொல்வேனாம்! என்னைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்? தாராளமா சம்மதிச்சிருப்பேன். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். துறைத் தலைவர் முடிவுகளைப் பார்த்து மேசையைத் தட்டினார்.

"பாத்தியா! அடிச்சுச் சொல்றவங்களையும் நம்ப முடியல. கட்டுரையில இதுதான் முக்கியம்."

"சார், அவரு வீம்புக்குச் சொன்னாரு. அந்தம்மா சொன்னதுதான் உண்மை."

"வீம்பை அளக்க நம்மகிட்ட மெஷின் இருக்கா?"

இல்லை.

சில வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வாத்தியார் மனைவியோடு வந்தார். மரியாதைக்கு ஒரு நன்றி சொல்லப்போய் டாக்டர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"உங்க பதில் எங்க கட்டுரையில வருதுங்க."

"யாரைக் கேட்டு?"

"நீங்கதானே சம்மதிச்சீங்க?"

"நானா? அதெல்லாம் முடியாது. என் பேச்சே வரக் கூடாது, எடுத்துடு."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இப்பவாவது நான் சொன்னது சரின்னு போட்டுக்கோம்மா."

"போட முடியாதும்மா. அவரு விலகிட்டா உங்க பதிலையும் சேர்த்து அழிச்சிடணும். அதான் விதி."

"அழிச்சுக்கோ. வீட்லயும் அதானே நடக்குது."

அன்று மாலையே இருவரையும் கணக்கிலிருந்து எடுத்தாள். மிச்சமிருந்த அடித்துச் சொன்னவர்களில் ஒருவருடைய பதில்கூடத் தவறாக இல்லை. துறைத் தலைவர் புதிய முடிவைப் படித்து, மறுபடியும் மேசையைத் தட்டினார்.

"நான் அப்பவே சொன்னேன். அடிச்சுச் சொல்றவங்களைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்!"