மலருக்குப் போக வேண்டிய சீட்

மலரைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இதை மறைத்துப் பேசி என்ன ஆகப் போகிறது? முதல் வருடம் உடற்கூறு வகுப்பில் எதிரே வந்து நின்ற நாளிலிருந்து ஹவுஸ் சர்ஜன் வருடம் முடிகிறவரை, ஐந்தரை வருடமாக அவள்தான் என் நெருங்கிய தோழி. வயிறும் ஐந்தரை வருடமாக எரிந்துகொண்டுதான் இருந்தது.

நான் வியாசர்பாடி. அப்பா குமாஸ்தா. அவள் திருவொற்றியூர் குப்பத்துப் பெண். அவளுடைய அப்பா விசைப்படகில் போகிறவர், அம்மா பச்சையம்மா மீன் விற்கிறவர். இரண்டு வீட்டுக்கும் நாங்கள்தான் முதல் டாக்டர். அதனால் எல்லோரும் எங்களை ஜோடி சேர்த்தே பேசினார்கள். ஜோடி என்று வந்துவிட்டால் ஒருத்தி கொஞ்சம் உசத்தியாக இருந்தாக வேண்டும் அல்லவா, அந்த ஒருத்தி எப்போதும் அவள்தான்.

குழந்தைகள் வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கு டிரிப்ஸ் ஏற்ற நரம்பு லேசில் கிடைக்காது. நான் மூன்று தடவை குத்துவேன், தாய்க்காரி என்னை முறைப்பாள். மலர் வருவாள், பிஞ்சுக் கையைத் தடவிப் பார்ப்பாள், ஒரே குத்து. அப்புறமெல்லாம் வார்டு நர்ஸ் சிஸ்டர் என் முகத்தைப் பார்த்ததுமே, "மலரு டாக்டர் எங்க கீறாங்க, கூப்புடு" என்பார். நான் கையுறையைக் கழற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

இத்தனைக்கும் குழந்தைகள் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவள் நான். அத்திப்பட்டு அனல் மின் நிலையப் பக்கத்திலிருந்து மூச்சு இளைத்துக்கொண்டு பிள்ளைகள் வரும். நெபுலைசர் வைத்துப் பத்து நிமிடம் மடியில் பிடித்துக்கொண்டிருந்தால் நெஞ்சு தணிந்து, அழுகை நின்று, நம் காதுக் கம்மலைப் பிடித்து இழுக்கும். அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு எதிலும் கிடைத்ததில்லை. வேறு படிப்பு எதையும் நான் நினைத்துப் பார்த்ததுகூட இல்லை.

மேற்படிப்புக்கான தேர்வு முடிவு வந்தது. பொதுப் பட்டியலில் நான் மலருக்கு ஒன்பது இடம் முன்னால். வாழ்க்கையில் முதல் தடவையாக முன்னால். அன்றைக்கு நான் இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டேன்.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. கவுன்சலிங் இணையதளத்தில் யாருக்கு எந்த சீட் வேண்டும் என்று வரிசைப்படுத்திப் பூட்டுவதற்கு முன்பு, பக்கத்துப் பக்கத்து ரேங்க் எடுத்தவர்கள் கேண்டீனில் உட்கார்ந்து ஆளுக்கு ஆள் முதல் விருப்பத்தைச் சொல்லிவிடுவார்கள். முன்னால் இருப்பவர் எதை எடுப்பார் என்று தெரிந்தால்தானே பின்னால் இருப்பவர் தன் பட்டியலை ஒழுங்காகப் போட முடியும். பொய் சொல்லக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம்.

எங்கள் முறை வந்தபோது நவ்ரீன் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவள்தான் எல்லோர் விருப்பத்தையும் குறித்து வைப்பவள். எங்கள் ரேங்க்குக்கு எட்டுகிற மாதிரி எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் மருத்துவத்தில் ஒரு சீட், ரேடியாலஜியில் ஒரு சீட்.

"எனக்குக் குழந்தைகள் மருத்துவம்" என்றேன்.

"ம்" என்று நவ்ரீன் எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான், ஒரு ம்.

"எனக்கு ரேடியாலஜி. ஏ.சி. ரூமு, ஸ்கேன் பாத்து ரிப்போர்ட் எய்தனமா, வூட்டுக்குப் போனமான்னு இருக்கலாம்" என்றாள் மலர்.

உடனே மேசையே அவள் பக்கம் திரும்பியது. "எல்லாரும் அடிச்சிக்கிற சீட்டுடி அது, உன் மூளைக்கு அதான் சரி" என்றாள் நவ்ரீன். இன்னொருத்தன் அவளுக்கு டீ வாங்கி வந்தான். முன்னால் இருப்பவள் நான், டீ அவளுக்கு.

பட்டியலைப் பூட்டக் கடைசி நாள். மதியம் அப்பாவின் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதல் வரியில் குழந்தைகள் மருத்துவம் இருந்தது. நான் பிள்ளைகளுக்கு மூக்குச் சளி துடைத்துக்கொண்டு நிற்கப்போகிறேன், மகாராணி ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பாள், ஊரே அவளைத்தான் பேசும் என்று நினைத்தேன். நான் எடுத்தால் அவளுக்குக் கிடைக்காது என்றும் நினைத்தேன். ரேடியாலஜியை மேலே ஏற்றிப் பூட்டிவிட்டேன்.

முடிவு வந்தது. என் பெயருக்கு நேராக ரேடியாலஜி. என் சந்தோஷம் ஒன்பது வரி கீழே போகிறவரைதான் இருந்தது. மலர், குழந்தைகள் மருத்துவம், அதே ஆஸ்பத்திரி.

ஐயோ பாவம், நான் பிடுங்கிக்கொண்டதால் கிடைத்ததை எடுத்துக்கொண்டாளே என்று நெஞ்சு குறுகுறுத்தது. மறுநாள் காலையிலேயே மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். பச்சையம்மா என்னை உட்காரவைத்து, இட்லியும் கடம்பா மீன் தொக்கும் வைத்தார்.

"கொயந்த டாக்டரு ஆவணும்னு அஞ்சாங் கிளாஸ்லேர்ந்து சொல்லிகினு கீது. கெடச்சிட்ச்சி. நீயும் நல்லா துன்னு கண்ணு" என்றார்.

பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். மலர் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு வழியனுப்ப வந்தபோது கேட்டேன். "உன் லிஸ்ட்ல ரேடியாலஜி எத்தினியாவது?"

"எய்தவே இல்ல."

"கேண்டீன்ல பொய் சொன்னியா?"

"நீ சொன்னது மட்டும் நெஜமா யசோ?"

அவளே தொடர்ந்தாள். "நீ எனக்கு முன்னாடி. எனக்கு இதான் வேணும்னு தெரிஞ்சா உயிரு போனாலும் நீ வுடமாட்ட. வேற எத கேட்டாலும் நீ அது பின்னாடி போவ. நான் ஸ்டெத் மாத்துனா நீ மாத்துவ, நான் முடிய வெட்டுனா நீ வெட்டுவ. அஞ்சர வருசமா பாத்துகினுதான கீறேன்."

"இது துரோகம்டி."

"நீ சொன்னத மாத்தாம இருந்திருந்தா சீட்டு உன்துதான். நான் ஒண்ணியும் பண்ணியிருக்க முடியாது. லிஸ்ட்ல அது ஒண்ணுதான் எய்துனேன், கெடைக்கலன்னா எனக்கு இந்த வருசமே போயிருக்கும். அதுக்கு ரெடியாதான் இருந்தேன்."

பஸ் வந்தது. "கோவமா கீறியா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அது உண்மைதான். கோபமாக இருந்திருந்தால் நாலு வார்த்தை நன்றாகத் திட்டித் தீர்த்திருப்பேன். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து அவளைப் பார்த்தேன். தனக்கு எது வேண்டும் என்று தெரிந்தவளின் முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அந்த முகம் எனக்கு வேண்டும் போலிருந்தது.