இருநூற்றுப் பதினாலாம் கல்

காலை ஆறரை மணிக்கு ஃபைனா யெகோரவ்னா தன் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் கல் புதைத்துக்கொண்டிருந்தாள். கிழங்கு தோண்ட வேண்டிய செப்டம்பர் மாதத்தில் கல் புதைக்கிறவளை ஷுங்கா ஊரில் யாராவது பார்த்திருந்தால், கண் காது மூக்கு வைத்து மத்தியானத்துக்குள் கதை கட்டியிருப்பார்கள். நல்லவேளையாகப் பக்கத்து வீட்டு ஸோயா இன்னும் எழுந்திருக்கவில்லை.

எல்லாம் ரொதியோன் லுகிச்சுக்காக. பக்கத்து ஊரான தோல்வுயாக்காரர், மின்கம்பம் ஏறும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இந்த மண்ணில் கிடைக்கும் ஷுங்கைட் என்ற கறுப்புக் கல் என்றால் பைத்தியம். பழைய சுரங்கத்தில் கல் எடுக்கத் தடை என்பதால், யார் வீட்டில் மண்ணைக் கிளறினாலும் அங்கே போய் நிற்பார். மூன்று வருடத்துக்கு முன் ஃபைனாவின் தோட்டத்தில் வெள்ளிபோல் மின்னும் கறுப்புக் கல் ஒன்று அகப்பட்டது. கிழங்கு உங்களுக்கு, கல் எனக்கு என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். அதிலிருந்து வருடம் தவறாமல் வந்து இரண்டு நாளில் எல்லா வரிசையையும் தோண்டிக் கொடுத்துவிட்டு, வாய் ஓயாமல் பேசி, அவள் சுட்ட கலீத்கா அப்பத்தைத் தட்டோடு காலி செய்துவிட்டுப் போவார். கணவன் போனதிலிருந்து ஒன்பது வருடமாகச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டவளுக்கு அந்த இரண்டு நாள்தான் வருடம்.

பாழாய்ப்போன தோட்டத்தில் போன வருடமே கல் தீர்ந்துவிட்டது. கல் இல்லாவிட்டால் மனிதர் எதற்கு வரப்போகிறார்? அதனால், கணவன் எப்போதோ வேலியோரம் வீசியிருந்த கற்களில் ஏழு கல்லை அப்போதே பொறுக்கிப் புதைத்தாள். ஏழும் அகப்பட்டதில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வருடம் வேலியோரமும் காலி. தண்ணீர்க் குடுவைக்குள் கிடந்த கல் ஒன்றுதான் பாக்கி. தண்ணீர் சுத்தமாகும் என்று போன வருடம் அவரே கொடுத்த கல் அது. இருநூறு கல் வைத்திருக்கிறவருக்கு இது ஒன்றா ஞாபகம் இருக்கப்போகிறது என்று நாலாவது வரிசையில் வைத்து மண்ணைத் தள்ளினாள். கல்லின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது. இந்தக் கல்லில் வெள்ளைக் கீற்று ஓடுவது வழக்கம்தான் என்று கண்ணாடி போட்டுப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

ஒன்பது மணிக்கு அவருடைய மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் ஸோயாவும் வந்து நின்றாள்.

"என்ன லுகிச், உங்க ஊர்ல உருளைக்கிழங்கே விளையாதா?"

"விளையுது. கல்லுதான் விளைய மாட்டேங்குது."

"கல்லு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுதாக்கும். எங்க ஃபைனா புது ஸ்கார்ஃப் கட்டியிருக்கா."

"வாயை மூடிட்டு உன் கிழங்கைத் தோண்டு" என்றாள் ஃபைனா.

தோண்டிக்கொண்டே அவர் தனக்குப் பிடித்த பேச்சை ஆரம்பித்தார். "ஒரு கல்லு எங்க கிடைச்சது, யார் எடுத்தா, இப்ப எங்க இருக்கு, எல்லாம் நோட்டுல சரியா இருக்கணும். பொய் எழுதினா அது கல்லு இல்ல, அடுப்புக் கரி. நான் இதுவரைக்கும் ஒரு பொய் எழுதினதில்ல."

ஃபைனா நாலாவது வரிசையைத் தானே தோண்டுவதாகச் சொன்னாள். அவர் விடவில்லை. மூன்றே வெட்டில் கல் வெளியே வந்தது. பையிலிருந்து பேட்டரியும் ஒயரும் டார்ச் பல்பும் எடுத்து வைத்துப் பார்த்தார். அசல் ஷுங்கைட் என்பதற்கு அடையாளமாக, கல் வழியாக மின்சாரம் ஓடிப் பல்பு எரிந்தது. சந்தோஷமாகக் கல்லைப் புரட்டிக் கட்டைவிரலால் மண்ணைத் துடைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளைப் பெயின்ட் பொட்டின் மேல் கறுப்பு மையில் 214 என்று எழுதியிருந்தது.

"ஃபைனா யெகோரவ்னா, இது என் கையெழுத்து."

"பனிக்காலத்துல மண்ணு கல்லை மேல தள்ளும்னு நீங்கதானே சொன்னீங்க."

"மேல தள்ளும். சமையலறையிலேருந்து தோட்டத்துக்குத் தள்ளாது."

அவள் கை மண்ணை ஏப்ரனில் துடைத்தாள்.

"போன வருஷம் கிடைச்ச ஏழும்?"

தலையாட்டினாள். அவர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். "ஏழுக்கும் தோட்டத்துல தோண்டி எடுத்ததுன்னு எழுதி வச்சிருக்கேன். எதுக்கு இப்படிப் பண்ணினீங்க?"

வெட்கத்தில் முகம் எரிந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"கல்லு இல்லேன்னா நீங்க வர மாட்டீங்களே" என்றாள்.

அவர் நோட்டை எடுத்தார். கிளம்பப் போகிறார் என்றே அவள் நினைத்தாள். ஏழு கல்லுக்கும் எழுதியதை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் சட்டென்று மூடினார். மூடிய வேகம் அவளுக்குச் சரியாகப் படவில்லை. ஏப்ரனிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நோட்டைப் பிடுங்கினாள்.

"எண் 214. முதல் தரம். மாவட்ட அருங்காட்சியகம் கேட்டது. காணாமல் போனது."

"காணாமப் போச்சா? ஒரு வருஷமா என் குடுவையில கிடந்த கல்லா?"

"இருக்கறதுலயே நல்ல கல்லு அது. சொல்லியிருந்தா நீங்க வாங்கியிருக்க மாட்டீங்க." அவருடைய காதுமடல் சிவந்திருந்தது. "குடுத்துட்டேன்னா அருங்காட்சியகத்துல யாருக்குன்னு கேப்பாங்க. எதுக்குன்னு கேப்பாங்க. நான் என்னத்தைச் சொல்றது?"

"ஒரு பொய் எழுதினதில்லன்னீங்க."

"ஒண்ணுதான்."

ஃபைனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பென்சிலை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் "காணாமல் போனது" என்பதை அடித்துவிட்டு, "ஃபைனா யெகோரவ்னா வீட்டுச் சமையலறை" என்று எழுதினார்.

"அப்போ அடுத்த வருஷம் இங்க கல்லு கிடைக்காது" என்றார் தலை நிமிராமல்.

"கிடைக்காது. ஆனா அடுத்த வருஷம் வரைக்கும் எதுக்கு? சனிக்கிழமை நான் முட்டைக்கோஸ் நறுக்கி உப்புல ஊறப் போடறேன்."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஸோயா சொன்னாள்: "முட்டைக்கோஸுக்குள்ள கல்லு இருக்காது லுகிச்."

"தெரியும்" என்றார் அவர். "ஊறப் போட்டா மேல பாரம் வைக்க ஒரு கல்லு வேணும்ல. அதை நான் கொண்டு வரேன்."