பச்சைப் பொத்தான்

வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு ஹமீட் கதிரையை விட்டு எழுந்தான். மதுஷன் ஏற்கெனவே வாசலில் நின்றான். ஐஸ் கட்டிகளை லொறியில் ஏற்றிய ஈரம் காற்சட்டையில் முழங்கால்வரை இருந்தது. கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"போன கிழமை மௌலவி குத்பாப் பிரசங்கத்த இழுத்து என்னைப் பட்டினி போட்டுட்டார், நானா."

"இண்டைக்கு வெள்ளன வாறன்."

"அல்லாட்ட எனக்கும் சேத்துக் கேளுங்க."

"என்னத்தக் கேக்க?"

"இந்தக் கதிரையத்தான்."

ஹமீட் சிரித்துக்கொண்டே தொப்பியை எடுத்தான்.

தன்னாமுனைக்குப் பக்கத்தில், வாவிக்கரையில் இருந்த அந்த ஐஸ் ஆலையில் முன்பு ஒரு சிஃப்டுக்கு இரண்டு ஒப்பரேட்டர்கள். கட்டுப்பாட்டு அறையில் இரண்டு கதிரைகள். வெள்ளிக்கிழமை ஹமீட் பள்ளிவாசலுக்குப் போனால் மதுஷன் பார்த்துக்கொள்வான். கோயில் சடங்குக்கு மதுஷன் போனால் ஹமீட். யாரும் அதற்கு அனுமதி கேட்டதில்லை.

பிறகு கணினி வந்தது. எந்த இயந்திரத்தில் என்ன கோளாறு, அடுத்து என்ன செய்யவேண்டும் என்று அது திரையில் எழுதும். கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர், வெளிநாட்டு அணுமின் நிலையங்களில் ஒப்பரேட்டர்களுக்கு உதவிக்கு இருப்பது இந்த மாதிரிச் சாமான்தான் என்றார். மற்ற சிஃப்டில் இருந்த அழகரத்தினம், அங்கே ஒரு அறையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டார். நாலைந்து பேர் என்றார் எஞ்சினியர். அடுத்த மாதம் இங்கே ஒரு கதிரையைத் தூக்கினார்கள். மதுஷனை ஐஸ் ஏற்ற அனுப்பினார்கள்.

திரை சொல்வதை ஏற்றால் பச்சைப் பொத்தான், மறுத்தால் சிவப்பு. சிவப்பை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்தில் காரணம் எழுதவேண்டும். அழகரத்தினம் அடிக்கடி சிவப்பை அழுத்தினார். இயந்திரத்தோடு சண்டை பிடிக்கிறார் என்று தலைமை அலுவலகம் அவரை நிறுத்தியது. இப்போது கிரான் பக்கம் யாருடைய வயல் வட்டைக்கோ காவல் இருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் சிவப்பைத் தொடவில்லை.

காலையில் ஹமீட் தன் இலக்கத்தைக் கொடுத்துக் கணினியைத் திறந்தால், மாலைவரை அழுத்துவதெல்லாம் அவன் பெயரில் பதிவாகும். மதுஷனுக்கு இப்போது இலக்கம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஹமீட் பள்ளியில் தொழுகைக்கு நின்ற நேரம் திரையில் ஒரு கோடு ஏறத் தொடங்கியது. ஐஸை உறையவைக்கும் அமோனியாக் குழாயின் அழுத்தம். கோட்டுக்குக் கீழே எழுத்து வந்தது: அளவுமானி பழுதாக இருக்கலாம், கொம்பிரசரை நிறுத்த வேண்டாம். மதுஷன் எழுந்து கண்ணாடி வழியே பார்த்தான். அதே அழுத்தத்தைக் காட்டும் இன்னொரு மானி கொம்பிரசருக்குப் பின்பக்கம் இருந்தது. முன்பென்றால் ஒருவர் இருக்க மற்றவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இப்போது கதிரையைத் தனியே விட்டுப் போக முடியாது. திரை மறுபடியும் கேட்டது. அவன் உட்கார்ந்து பச்சையை அழுத்தினான்.

அளவுமானி பழுதாக இருக்கவில்லை.

ஹமீட் திரும்பி வந்தபோது அமோனியா நெடி தெருவிலேயே மூக்கில் அடித்தது. குழாயின் மூட்டு விட்டிருந்தது. வெளியே மீன்பெட்டி கழுவிக்கொண்டிருந்த கண்ணகையை ஓட்டோவில் ஏற்றினார்கள். முகத்தில் ஈரத்துணி கிடந்தது. தண்ணி, தண்ணி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஹமீடும் மதுஷனும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடினார்கள். வெளியே வந்ததும் மதுஷன் மணலில் குந்தினான்.

"அது சொன்னதத்தான் அமத்தினன், நானா."

திங்கட்கிழமை எஞ்சினியர் வந்தார். கண்ணகைக்கு இனி ஒரு கண் தெரியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இதற்குப் பொறுப்பு யார் என்று பொலிஸ் ஒரு பெயர் கேட்டிருந்தது. மனேஜர் ஹமீடையும், இயந்திரம் தெரிந்தவன் என்று மதுஷனையும் கூப்பிட்டார். எஞ்சினியர் திரையைத் திருப்பிக் காட்டினார். வெள்ளிக்கிழமை, ஹமீடின் பெயர், பச்சை.

"சொன்னது கொம்பியூட்டர்தானே, சேர்," என்றான் ஹமீட்.

"அது ஆலோசனைதான் சொல்லும். முடிவெடுக்கிறது ஒப்பரேட்டர்."

"அழகரத்தினம் அண்ணன் முடிவெடுத்தவர்."

எஞ்சினியர் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் கதை இப்போது வேண்டாம் என்றார் மனேஜர். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீர்தானே அமத்தினது?"

பள்ளியில் இருந்தேன் என்றால் கதிரையை விட்டுப் போன குற்றம். மதுஷன் என்றால் இலக்கம் இல்லாதவன் இயந்திரத்தைத் தொட்ட குற்றம். உண்மைக்கு இரண்டு வேலை போகும். பொய்க்கு ஒன்று. மதுஷன் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஓம்," என்றான் ஹமீட்.

கதிரை வெறுமையாகக் கிடக்கக்கூடாது என்றார் மனேஜர். மதுஷனுக்கு அங்கேயே புதிய இலக்கம் கொடுத்தார்கள். எஞ்சினியரும் மனேஜரும் பொலிசுக்குப் போக வாகனத்தை எடுத்தார்கள். ஹமீட் பின்னால் வர வேண்டும்.

அவன் மேசை லாச்சியிலிருந்து தொப்பியையும் தேத்தண்ணிப் போத்தலையும் எடுத்தான். மதுஷன் கதிரையில் உட்கார்ந்திருந்தான். நிறுத்திவைத்ததற்குப் பதிலாக இரண்டாவது கொம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எழுத்து வந்தது. கீழே பச்சையும் சிவப்பும் எரிந்தன. மதுஷன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான்.

"நானா, இது இப்பவும் கேக்குது. நான் எதை அமத்த?"