சாய்தளத்தில் கிரைண்டர்

கயிறு உள்ளங்கையைத் தின்றுகொண்டே நழுவியது. டெம்போவின் மேல் நின்று கௌதமன் இழுத்துப் பிடித்தான். டெம்போவிலிருந்து வாசலுக்குச் சாய்த்த பலகையின் நடுவில் நூற்றிருபது கிலோ கிரைண்டர். தூறலில் பலகை நனைந்திருந்தது. ஒரு ஜாண் இறங்கியது. இன்னொரு ஜாண்.

"ரசாக்கு, கீழ போய்த் தாங்கு" என்றான் டிரைவரிடம்.

"யாரும் கீழ போகாதீங்க" என்றாள் அவன் மனைவி அன்புச்செல்வி.

மில் வேலையை அவள் விட்டாயிற்று. விடிந்தால் சோமனூரில் நாற்பது வீட்டுக்கு இட்லி மாவு. கல் உடைந்தால், திறக்கும் முன்பே கடையை மூட வேண்டியதுதான்.

பலகையையே பார்த்தாள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் எங்கோ தூரம் போனது. தூறல் அந்தரத்தில் நின்றது போலிருந்தது. கிரைண்டர் கரைந்து, பென்சிலில் வரைந்த ஒரு பெட்டியானது. சரிவோடு இறங்கும் ஓர் அம்பு. எதிரே உராய்வின் அம்பு, கொஞ்சம் குட்டை. சரிவைக் குறைத்தால் குட்டை அம்பு ஜெயித்துவிடும். எடை எவ்வளவாக இருந்தாலும் சரி, இரண்டு பக்கமும் வருவதால் கணக்கில் அடிபட்டுப் போகும்.

"ரசாக்கண்ணா, ஓரமா நின்னு கடப்பாரையில கீழ்முனைய நெம்புங்க."

பலகை எழும்ப, வாசலோரம் கிடந்த ஹாலோ பிளாக் ஒன்றை அடியில் தள்ளினாள். அதன்மேல் இன்னொன்று.

"ஏனுங்க, கயித்த உடுங்க."

"ஏம்புள்ள, கிறுக்கா உனக்கு?"

"நிக்குமுங்க. உடுங்க."

விட்டான். கிரைண்டர் அசையவில்லை. அங்கேயே குடியிருப்பது போல நின்றது.

"அக்கா என்னங்க, இன்ஜினியருங்களா?" என்றான் ரசாக்.

கௌதமன் தோலுரிந்த கையை ஊதிக்கொண்டான். "பிளஸ் டூ. பிசிக்ஸ்ல தொண்ணூறு. பொண்ணு பாக்கப் போனன்னைக்கே இவங்க ஊட்டுல சொல்லிப்போட்டாங்க. பயந்துதான் தாலி கட்டுனேன்."

ரசாக் சிரித்தான். அன்புச்செல்வி சிரிக்கவில்லை. நனைந்த பலகையில் கிரைண்டர் மெதுவாக, சத்தமே இல்லாமல் மேலே நகர்வதாக அவளுக்குத் தோன்றியது. டெம்போவைத் தாண்டி, தென்னங்கீற்றுகளைத் தாண்டி அது போய்க்கொண்டிருந்தது.

காரமடைப் பள்ளியில் பிளஸ் ஒன் பரீட்சையில் வந்ததும் இதே கணக்குதான். விடை மைனஸில் வந்தது. "ஆகவே, பெட்டி தானாகவே சரிவில் மேலே ஏறும்" என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடும் போட்டுவிட்டு வந்தாள். அந்தப் பரீட்சையில் பெயில். பிளஸ் டூ வகுப்புக்குள் அவள் கால் வைத்ததே இல்லை.