காலியாகக் கிடக்கும் மேல் போர்ஷன்

வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை என்று ரேடியோவில் சொல்லலாமாம். யார் தரவில்லை, ஏன் தரவில்லை என்று மட்டும் சொல்லக் கூடாதாம். ஹேமநாதன் இதைக் கைகூப்பாத குறையாகக் கேட்டுக்கொண்டபோது மதிவதனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூந்தமல்லிப் பக்கத்துச் சமுதாய வானொலியில் ஹேமநாதன் நிகழ்ச்சித் தயாரிப்பாளன். மாதத்துக்கு ஒரு ஆளாக அக்கம்பக்கத்து மனிதர்களைக் கூட்டிவந்து, அடையாளம், சமூக நீதி என்று தலைப்புக் கொடுத்து மைக் முன்னால் உட்கார வைப்பான். இந்த மாதம் மதிவதனி. அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். அறுபது தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் குரல் கொடுக்கிறவள். இங்கே வந்தால் எல்லாவற்றையும் மென்று முழுங்க வேண்டியிருந்தது.

"சாதின்னு வேணாம் மேடம், 'சில பிரிவினர்'னு சொல்லுங்க. காலனின்னு வேணாம், 'அந்தப் பகுதி'. யார் மனசும் புண்படக் கூடாது பாருங்க."

யார் மனசு என்று கேட்டால் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கே ஒரு அறை விடலாம்.

அவள் கவலை அவளுக்கு. ஐயப்பன்தாங்கலில் குடியிருக்கும் வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப்போகிறார்கள். இன்னும் ஒன்பது நாளில் காலி செய்தாக வேண்டும். அவளும், பஸ் டிப்போவில் வேலை பார்க்கும் கணவன் உதயகுமாரும் பதினோரு வீடு பார்த்தாயிற்று. எல்லா இடத்திலும் முதலில் சிரித்த முகம். அப்புறம் "சொந்த ஊர் எது?" அப்புறம் "அந்த ஊர்ல எந்தத் தெரு?" தெருவைச் சொன்னதுமே, அந்த வீட்டுக்குக் குடிவர வீட்டுக்காரரின் மச்சான் ஒருவன் எங்கிருந்தாவது முளைத்துவிடுவான்.

நூம்பலில் தன் வீட்டு மேல் போர்ஷன் சும்மா கிடக்கிறது என்று போன வாரம் ஹேமநாதனே வாய்தவறிச் சொன்னான். வெட்கத்தை விட்டுக் கேட்டாள். அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"நான் அதெல்லாம் பாக்கறவனா மேடம்? அம்மாதான். அந்தக் காலத்து மனுஷி. உடம்பு வேற சரியில்ல, தாங்க மாட்டாங்க."

மதிவதனி நம்பினாள். நல்ல மனுஷனுக்கு இப்படி ஒரு அம்மாவா என்று அவனுக்காகப் பரிதாபம்கூடப் பட்டாள்.

இன்றைய தலைப்பு 'நான் யார்?' நேரடி ஒலிபரப்பு. நேயர்கள் பேச வேண்டிய நேரத்தில் ஒரு ஃபோனும் வரவில்லை. என்றைக்குமே வராது. தெரிந்தவர்களுக்குக் கேள்வியை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து, ஹேமநாதனே கூப்பிட்டு இணைப்பதுதான் வழக்கம். இன்று சொல்லிவைத்த இரண்டு பேரும் எடுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வியர்த்து வழிந்து, கடைசியில் யாருக்கோ அவசரமாகப் போட்டான்.

"அலோ! நூம்பல்லேர்ந்து முத்தம்மா பேசறேன். என் புள்ள ஹேமநாதன் ரேடியோல எதனா கேளும்மான்னான். இன்னா கேக்கணும்னு சொல்லாமலே லைனைக் குடுத்துட்டான்."

கணீரென்ற குரல். இதுவா உடம்பு சரியில்லாத குரல்? ஒரு மாதமாக முழுங்கியதெல்லாம் மதிவதனிக்குத் தொண்டைக்கு வந்தது.

"நானே கேக்கறேம்மா. உங்க ஊட்டு மேல் போர்ஷன் காலியா கீதா?"

"ஆறு மாசமா கீது."

"நான் காலனிப் பொண்ணும்மா. எங்களுக்கு ஊடு குடுக்க உங்களுக்கு மனசு வராதாமே?"

ஹேமநாதன் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கையையும் ஆட்டினான்.

"எவன் சொன்னான்? ஒரு கொரல் குடுத்தா இன்னான்னு கேக்க மேல ஒரு ஆள் வந்தா போதும்னு கெடக்கறேன் நானு. போன மாசம் ஒரு நர்ஸ் பொண்ணு வந்துச்சி. நான் சரின்னுட்டேன். இவன்தான் எந்தத் தெருன்னு கேட்டுட்டு, மச்சான் குடிவரான்னு சொல்லி அனுப்பிட்டான். இவனுக்கு ஏதும்மா மச்சான்? மருமவளும் ஒத்தப் பொண்ணு, இவனும் ஒத்தப் புள்ள. நீ ஞாயித்துக்கெழம வந்து பாரு. ஆனா தண்ணிய மட்டும் தொறந்து உட்டுட்டுப் போயிடாத..."

பாட்டு வந்துவிட்டது. ஹேமநாதன் உள்ளே ஓடிவந்தான்.

"மேடம், அம்மாவுக்கு வயசாயிடுச்சு, எதையோ உளர்றாங்க..."

மதிவதனி ஹெட்ஃபோனைக் கழுத்தில் இறக்கினாள். இவன் முகத்தைத் தினம் பார்த்துக்கொண்டு இவன் வீட்டில் குடியிருப்பதை நினைத்தாலே கசந்தது. ஆனால் ஒன்பது நாளை வைத்துக்கொண்டு கசப்பையெல்லாம் பார்க்க முடியாது. வீடு பார்க்க வரச் சொன்னது முத்தம்மா, இவன் இல்லை.

"போர்ஷன் சாவி யாராண்ட கீது சார்?"

அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"பாட்டு முடிஞ்சதும் இன்னும் அரை மணி நேரம் எனக்கு மைக் கீது. அதுக்குள்ள சொல்லிடுங்க. இல்லாட்டி நேயர்களையே கேட்டுக்கறேன்."

ஹேமநாதன் பாக்கெட்டிலிருந்து பைக் சாவிக்கொத்தை எடுத்து, ஒன்றை மட்டும் கழற்ற ஆரம்பித்தான். அவசரத்தில் வளையம் பிரியவில்லை. மதிவதனி உதவப் போகவில்லை, கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாள்.